டீக்கடைச் சுவரில் ஒன்று, நெஞ்சுக்குள் ஒன்று

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கேரம் மன்றத்தை ஒட்டி பாயின் டீக்கடை இருக்கிறது. பன் அடுக்கிய கண்ணாடிப் பாட்டில்களுக்கு மேலே, சுவரில், ஒரு சிவப்புப் பை தொங்குகிறது. பையின் சிறிய கண்ணாடி வழியே பச்சை விளக்கு ஒன்று சில விநாடிகளுக்கு ஒருமுறை கண்சிமிட்டும். புதிதாக வருகிறவர்கள் கேமரா என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள். வைஃபை என்று நினைத்து பாஸ்வேர்டு கேட்ட பையன்களும் உண்டு. "அது ஷாக் பெட்டி தம்பி, நெஞ்சு நின்றுபோனவனுக்கு" என்று பாய் சொன்னதும் கேட்டவன் கிளாஸை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பான்.

அந்தப் பெட்டியை விலை பேசி வாங்கி வந்தவன் நான். அதே வேலையைச் செய்கிற இன்னொரு பெட்டி 2019 முதல் என் இடது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பதற்கு ஏ.இ.டி. என்று பெயர், உள்ளே இருப்பதற்கு ஐ.சி.டி. இரண்டோடும் பழகியவன் என்பதால் இதை எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள், திட்டினால் வக்கீல் நோட்டீஸ் வரும். இரண்டையும் தாங்குகிற வயதைக் கடந்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் 34 ஆண்டுகள் மோட்டார் காயில் கட்டியவன். காசிமேட்டு ஐஸ் கம்பெனி மோட்டார் முதல் வீட்டுத் தண்ணீர் மோட்டார் வரை என் மேஜைக்கு வந்திருக்கிறது. எரிந்த வார்னிஷ் வாசனையை வைத்தே மோட்டார் எப்படிச் செத்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். அதனால் கரண்ட் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும் முதலில் சந்தேகத்தோடுதான் கையில் எடுப்பேன்.

இதயம் திடீரென்று நின்றுபோவதை எனக்கு ஒரு டாக்டர் அரைமணி நேரம் விளக்கினார், புரியவில்லை. பிறகு என் தொழிலை வைத்து நானே புரிந்துகொண்டேன். மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்டால், நின்ற மோட்டார் கிளம்பாது. ஆனால் சும்மாவும் இருக்காது, உறுமிக்கொண்டு அதிரும். கரண்ட் போய்க்கொண்டிருக்கும், தண்ணீர் ஏறாது. திடீரென்று விழுகிறவர்களில் பலருடைய இதயத்தின் கீழறைகள் விழுந்த கணத்தில் இப்படித்தான் இருக்கின்றன. துடிப்பு இல்லை, வெறும் உதறல். ரத்தம் ஓடாது. மாரடைப்பு வேறு. அது குழாய் அடைப்பு. ஆள் வலிக்கிறது என்று சொல்வார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கும். அந்த அடைப்பே சில நேரம் இந்த உதறலைக் கிளப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் உதறல் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்துகொண்டே போகும். ஷாக் கொடுப்பது நின்ற இதயத்தைக் கிளப்ப அல்ல. குழம்பி உதறுகிற அத்தனை தசையையும் ஒரே அடியில் அடக்கி, இதயம் தன் சொந்தத் தாளத்தை மறுபடி பிடிக்க இடம் கொடுப்பதற்கு.

இது எதுவும் 2022 ஜூலையில் எனக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால், பாதி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. டபுள்ஸ் ஆட்டம். என் கூட்டாளி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், வயது 51. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதை உறுதியாக்கும் ஃபாலோ காய்க்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஸ்டிரைக்கர் மேல் இருந்தபடியே போர்டின் மேல் கவிழ்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம். சோடாவை உடைத்து முகத்தில் அடித்தோம். குறட்டை போல ஒரு பெரிய மூச்சு வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது" என்று கத்தியது நான்தான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் உடம்பு அப்படி ஏங்கும், அது மூச்சுக் கணக்கில் சேராது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இழுப்பும் வலிப்பு அல்ல.

108 வந்தபோது 16 நிமிடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கேட் போட்டுவிட்டால், கண்டெய்னர் லாரி வரிசை கட்டிவிட்டால், அந்த நேரத்தில் வந்ததே பெரிது. இறங்கியதும் வியர்க்க வியர்க்க அமுக்கினார்கள். அன்று இரவு எட்டு மணிக்குத் தகவல் வந்தது.

அந்தப் பதினாறு நிமிடமும் என் நெஞ்சுக்குள் மூன்றரை லட்ச ரூபாய் ஷாக் பெட்டி ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில்தான் மண்டி போட்டிருந்தேன். கழற்றிக் கொடுக்க முடியாது.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மனைவி கேட்டார்: "உங்களுக்கு உள்ளே வைத்திருக்கிறார்களே, அதுபோல வெளியே வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்று கிடைக்காதா அண்ணே?" கிடைக்கும். நான் செக்-அப் போகிற ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டாக அதன் கீழே உட்கார்ந்து டோக்கன் நம்பருக்குக் காத்திருந்திருக்கிறேன்.

பணம் சேர ஏழு மாதம் ஆயிற்று. ஒரு கேரம் போட்டி நடத்தினோம். ஆட்டோ ஸ்டாண்டில் உண்டியல் வைத்தோம். மீன் விற்கிற அக்காக்கள் கொடுத்தது நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். 2023 பிப்ரவரியில், வரி எல்லாம் சேர்த்து, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினோம். அதற்கு முன் ஒருவர் பழைய பெட்டியை நாற்பதாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். ஷாக் போவதற்கு நெஞ்சில் ஒட்டுகிற ஒட்டுப்பட்டை காலாவதி, பேட்டரி எப்போது போட்டது என்று அவருக்கே தெரியவில்லை. பழைய மோட்டாரை வாங்கிக் காயில் மாற்றிக்கொள்ளலாம். இதை அப்படி வாங்கக் கூடாது.

பொருளைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்கிறேன். எடை இரண்டு கிலோவுக்குள். தண்ணீர் தெறித்தாலும் தூசி பட்டாலும் தாங்கும். தினமும் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. எல்லாம் சரி என்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு விளக்கோடு விட்டுவிட்டு ஒரு சத்தம். பேட்டரி சும்மா இருந்தால் நாலைந்து ஆண்டு வரும். ஷாக் 150 ஜூல் என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 60 வாட் குண்டு பல்பு இரண்டரை விநாடி எரிய ஆகும் சக்தி, அவ்வளவே. ஆனால் அதைக் கண்டென்சரில் ஏற்றிவைத்து, ஒரு விநாடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் உடம்பு வழியாக அனுப்பிவிடுகிறது. உள்ளே திறந்து பார்க்கக் கை அரித்தது. வாரண்டி போய்விடும் என்று செயலாளர் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

இந்த இரண்டு கிலோ எப்படி வந்தது என்பதையும் தேடிப் படித்தேன். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற டாக்டர் 1965-ல் கார் பேட்டரியை வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றக்கூடிய ஷாக் பெட்டி ஒன்றைக் கட்டினார். எடை சுமார் 70 கிலோ. அந்த மனிதர் இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர். மலேயா தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை வண்டி வண்டியாக ஏற்றிப்போய்ச் சாகடித்த அதே சயாம் ரயில் பாதை. பாயிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் டீ ஆற்றாமல் நின்றார். அவருடைய பாட்டனாரின் தம்பி ஒருவர் அங்கே போய்த் திரும்பவில்லையாம்.

இனிக் குறை. பெட்டி வாய்விட்டுப் பேசும். அதுதான் அதன் சிறப்பே. திறந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். ஆனால் எங்கள் பெட்டிக்கு ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும். "தமிழ்?" என்று கேட்டேன். "கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றார் விற்பனைக்காரர். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பத்துக்கு எட்டு மதிப்பெண் போடுவேன். குறைகிற இரண்டும் இதற்காகத்தான்.

ஆகவே நாங்களே தமிழ்ப்படுத்தினோம். பெட்டி சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராகத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து மூடியின் உள்பக்கம் ஒட்டுவது என்று முடிவு. முதல் வரைவு நான் எழுதியது. "இதயத் தாளம் பகுப்பாய்வு செய்யப்படுகிறது" என்று எழுதியிருந்தேன். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையனிடம் படிக்கக் கொடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதற்கு இங்கிலீஷே பரவாயில்லை" என்றான். அடித்துவிட்டு "பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. தொடாதே" என்று போட்டோம். அடுத்து மரியாதைப் பிரச்சினை. "தொடாதீர்கள், கையை எடுங்கள் என்று போடலாமே, பெரியவர்களும் இருப்பார்கள்" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சாகக் கிடக்கிறவன் எதிரில் என்ன ஐயா மரியாதை" என்றார் பாய். வாக்கெடுப்பு நடந்தது. தலைமையாசிரியர் ஒருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். கடைசியில் ஆறு வரி நின்றது:

சட்டையைக் கிழி. உடம்பைத் துடை.
படத்தில் உள்ளபடி இரண்டு பட்டையையும் ஒட்டு.
பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. தொடாதே.
ஷாக் வேண்டும் என்கிறது. எல்லோரும் கையை எடு. மின்னுகிற பட்டனை அழுத்து.
ஷாக் வேண்டாம் என்கிறது. நெஞ்சை அமுக்கு.
பெட்டி நிறுத்தச் சொல்லும்வரை அமுக்கு.

எந்த வரி எப்போது என்று தெரிய, ஆங்கிலச் சத்தத்தையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். "ஷாக் அட்வைஸ்டு" என்று காதில் விழுந்தால் நாலாவது வரி. "நோ ஷாக்" என்று விழுந்தால் ஐந்தாவது.

பயிற்சிக்குப் பெட்டியை விற்ற கடையிலிருந்து ஒருவர் அரை உடம்புப் பொம்மையோடு வந்தார். 22 பேர் கற்றுக்கொண்டோம். மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஐந்து சென்டிமீட்டராவது இறங்கும்படி அமுக்க வேண்டும். சொல்லும்போது எளிது. இரண்டு நிமிடத்தில் என்னைப் போன்றவனுக்கு நாக்கு தள்ளிவிடுகிறது. வேகம் எல்லோருக்கும் தப்பியது, ஒரே ஒரு பையனுக்கு மட்டும் கடைசிவரை பிசகவில்லை. சாவு ஊர்வலத்தில் சட்டி அடிக்கிற பையன். பயிற்சியாளர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார், மாறாமல் 110. "தம்பி என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவனும்தான்.

இந்த அமுக்கும் முறையை உலகுக்குச் சொன்னவர்களில் முதல் ஆள் டாக்டர் இல்லை, கரண்ட் ஆள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. வில்லியம் கூவன்ஹோவன், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மின்பொறியியல் பேராசிரியர். கம்பத்தில் ஏறுகிற லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாகிறார்களே என்று மின்சாரக் கம்பெனிகள் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஆராய்ச்சி அது. நாயின் மார்பில் ஷாக் தகடுகளை அழுத்தி வைக்கும்போதே ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்திருக்கிறார்கள். கையால் அமுக்கினாலே ரத்தம் ஓடும் என்பதை அவரும் கூட்டாளிகளும் 1960-ல் வெளியிட்டார்கள். மோட்டார் தொட்டியில் ஈரக் கையோடு இறங்கிய என் உதவியாளன் ஒருவனை 1994-ல் வெளியே இழுத்துப் போட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான். அவன் பிழைத்தான், எங்களால் அல்ல.

பெண்கள் விழுந்தால் என்ன செய்வது என்ற பேச்சு பயிற்சியில் வந்தே ஆக வேண்டும், வந்தது. பட்டை நேராகத் தோலில் ஒட்ட வேண்டும், ஜாக்கெட்டின் மேல் ஒட்ட முடியாது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். இட்லிக்கடை அக்காதான் "பெரிய துண்டு ஒன்றைப் பையில் வையுங்கள், மூடிக்கொண்டு ஒட்டுவோம்" என்றார். இப்போது பையில் துண்டு, கத்தரிக்கோல், ஷேவிங் ரேஸர் மூன்றும் இருக்கின்றன. ரேஸர் எங்கள் மன்ற உறுப்பினர்களுக்காக. மார்பு முடி அடர்த்தியாக இருந்தால் பட்டை பிடிக்காது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு மாதம் மன்றத்து பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம். லட்ச ரூபாய்ப் பொருளாயிற்றே. மன்றம் மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும், சாவி செயலாளரிடம். அந்த ஆறு மணி நேரத்துக்குள், செயலாளர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து விழுகிறவனுக்கு மட்டும்தான் பெட்டி உதவும். கடைசியில், விடியற்காலை நான்கு முதல் இரவு பதினொன்று வரை விளக்கு எரிகிற ஒரே இடம் பாயின் கடை என்பதால் அங்கே போயிற்று. முதலில் பாய்லருக்கு மேலே ஆணி அடித்தார்கள். பெட்டி ஐம்பது டிகிரி வரைதான் தாங்கும். நான் வார்னிஷ் காய்ச்சுகிற அடுப்பின் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் தொங்கவிட்டேன். மே மாத மதியம் 47 காட்டியது. எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். பூட்டு கிடையாது. இதுவரை யாரும் திருடவில்லை.

ஒருமுறை வெளியே எடுத்தோம். 2024 ஆடியில், தெரு அம்மன் கோவிலில் கூழ் வார்க்கிற ஞாயிறு. வரிசையில் நின்ற அறுபது வயது அம்மா ஒருவர் சரிந்தார். பாயின் மகன் ஒரு நிமிடத்துக்குள் பெட்டியோடு ஓடிவந்தான். இட்லிக்கடை அக்கா துண்டை விரித்து, ஒரு பட்டையை வலது காரை எலும்புக்குக் கீழேயும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழேயும் ஒட்டினார். கை நடுங்கவில்லை. பெட்டி பார்த்தது. சுற்றி நின்றவர்கள் "பட்டனை அழுத்து, அழுத்து" என்று கத்தினார்கள். பெட்டி ஷாக் வேண்டாம் என்றது. பட்டன் மின்னவே இல்லை. நாமாக அழுத்தியிருந்தாலும் ஷாக் போயிருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்து, ஏன் இத்தனை பேர் என்று கேட்டார். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, விரதம் என்று ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் நின்றிருக்கிறார். மூச்சு சீராக இருந்ததைச் சரியாகப் பார்த்திருந்தால் பட்டையே ஒட்டியிருக்க வேண்டாம். அவசரப்பட்டது நாங்கள். நிதானமாக இருந்தது பெட்டி. இந்த ஒரு குணத்துக்காகவே அதற்குக் கொடுத்த விலை சரி என்பேன். சினிமாவில் திரையில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுக்கிறார்களே, நேர்கோட்டுக்கு இந்தப் பெட்டி ஷாக் கொடுக்கவே கொடுக்காது. அமுக்கச் சொல்லும்.

அதற்கு அடுத்த நாள் ஆரம்பித்தது தலைவலி. ஒட்டுப்பட்டை ஒருமுறை பிரித்தால் முடிந்தது, புதிது வாங்க வேண்டும். பிரிக்காவிட்டாலும் இரண்டு ஆண்டு சொச்சத்தில் பசை காய்ந்து காலாவதி ஆகிவிடும். விற்ற கடைக்கு போன் செய்தேன். ஸ்டாக் இல்லை. அடுத்த வாரம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் என்றார்கள். ஐந்து வாரம், ஏழாயிரத்து இருநூறு ரூபாய், எனக்கு வந்த கோபத்துக்கு விலை தனி. அந்த ஐந்து வாரமும் பெட்டி சுவரில் சிவப்பு விளக்கோடு கத்திக்கொண்டிருந்தது. டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் "என்ன பாய், பெட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். யாராவது வாங்கப்போகிறீர்கள் என்றால் பெட்டியின் விலையைக் கேட்பதற்கு முன் பட்டையின் விலையைக் கேளுங்கள். எத்தனை நாளில் கையில் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். முதல் நாளே இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பெட்டி வந்த புதிதில், வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பையன்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. டென்மார்க்கின் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்ததை அத்தனை பேரும் டிவியில் நேரடியாகப் பார்த்தவர்கள். புல்தரையிலேயே அமுக்கி, ஷாக் கொடுத்து எழுப்பினார்கள். பிறகு அவர் நெஞ்சில் ஐ.சி.டி. வைத்தார்கள். இத்தாலியில் அதை வைத்துக்கொண்டு ஆட விடமாட்டார்கள் என்பதால் இங்கிலாந்துக்குப் போய் 2022-ல் மறுபடி ஆடினார். "உங்களுக்கு இருப்பதும் அதேவா அண்ணே?" என்று ஒரு பையன் சட்டைக்கு மேலே தொட்டுப் பார்த்தான். அன்றைக்கு எனக்கு இருந்த மிடுக்கை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

உள்ளே இருப்பதற்கு வருகிறேன். இதைக் கடையில் போய் வாங்க முடியாது, டாக்டர்தான் முடிவு செய்வார். எனக்கு 2017-ல் மாரடைப்பு வந்தது. பிறகு மாத்திரைகளை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பம்பிங், அதாவது இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளப்படும் பங்கு, 28 சதவீதத்திலேயே நின்றது. 35-க்குக் கீழே இருந்தால் இதயம் எப்போது வேண்டுமானாலும் உதறத் தொடங்கலாம், காவலுக்கு ஒன்று உள்ளே இருக்கட்டும் என்றார். கடையின் சேமிப்பும் மனைவியின் நான்கு வளையல்களும் போயின. மரத்துப்போக ஊசி போட்டு, காரை எலும்பின் அருகே ரத்தக்குழாய் வழியாக ஒரு ஒயரை இதயத்தின் வலது கீழறைவரை இறக்கி, பெட்டியைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. பஸ்ஸில் கம்பி பிடிக்க முடியாமல் ஆறு வாரமும் ஆட்டோதான். ஓட்டி வந்தது என் கேரம் கூட்டாளி. காசு வாங்கவில்லை.

கேரம் ஸ்டிரைக்கரைவிடப் பெரிய, தடிமனான டைட்டானிய டப்பா. மூன்று வோல்ட் சொச்சம் லித்தியம் பேட்டரி. அதிலிருந்து பத்து விநாடி அளவில் எழுநூறு எண்ணூறு வோல்ட் வரை கண்டென்சரில் ஏற்றிவிடுகிறது. வெளிப்பெட்டியைப் போல 150 ஜூல் தேவையில்லை. இதயத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் 35, 40 போதும். இவ்வளவையும் ஈரமான இடத்தில், சர்வீஸ் இல்லாமல், எட்டு ஒன்பது ஆண்டு. நான் கட்டிய எந்த மோட்டாருக்கும் அப்படி வாரண்டி கொடுத்ததில்லை. இதை யோசித்த மிஷெல் மிரோவ்ஸ்கி, தன் ஆசானான டாக்டர் 1966-ல் இப்படித் திடீரென்று இறந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினாராம். பெரிய பெரிய இதய நிபுணர்களே வேண்டாத வேலை என்று எதிர்த்தார்கள். வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் நவீன முறையை உருவாக்கிய பெர்னார்ட் லவுனும் அவர்களில் ஒருவர். 1980 பிப்ரவரியில், அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அப்போது அது வயிற்றில் வைக்கிற அளவுக்குப் பெரியது.

வேலை செய்ததா என்றால், செய்தது. 2021 நவம்பர் மழையில் கடைக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. யாரையோ கூப்பிட வாயைத் திறந்தேன். உள்ளிருந்து யாரோ கதவை உதைத்ததுபோல ஓர் அடி. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் 230 வோல்ட்டையும் தொட்டிருக்கிறேன், 415-ஐயும் தொட்டிருக்கிறேன். அவை வெளியிலிருந்து பிடித்து இழுக்கும். இது உள்ளிருந்து தள்ளியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் தோலுக்கு மேலே ஒரு கருவியை வைத்து எல்லாவற்றையும் படித்தார்கள். காலை 11.42, நிமிடத்துக்கு 220 துடிப்பு. முதலில் வலிக்காத சின்னச் சின்னத் துடிப்புகளைக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறது, முடியாமல்தான் ஷாக் கொடுத்திருக்கிறது. தாளில் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது ஒரு நல்ல மெக்கானிக்கின் வேலையைப் பார்த்ததுபோல இருந்தது.

ஆனால் 2023 மே மாதம் மகள் வீட்டு மாடிப்படியில் அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தது. அது பொய் ஷாக். மேலறையில் எழுந்த தாறுமாறான வேகத்தைக் கீழறை உதறல் என்று தப்பாகப் படித்திருக்கிறது. முழு நினைவோடு இருக்கிறவனுக்கு ஷாக் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. செட்டிங்கை மாற்றினார்கள், அதற்குப் பிறகு வரவில்லை. என் புகார், இப்படி ஒன்று நடக்கலாம் என்று வைக்கிற நேரத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பணம் கட்டுகிற இடத்தில் அத்தனை தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த இரண்டு அடிக்குப் பிறகு எட்டு மாதம் நான் மாடி ஏறவில்லை. குளிக்கும்போது மனைவி கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். பேரனைத் தூக்கவும் பயம், அவனுக்கும் ஷாக் அடிக்குமோ என்று. தொட்டுக்கொண்டிருப்பவருக்கு லேசாகச் சுரீர் என்று தெரியலாம், கெடுதல் இல்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் தூக்கினேன்.

தொழில் போயிற்று. வெல்டிங் பக்கம் நிற்கக் கூடாது, ஓடுகிற பெரிய மோட்டார் மேல் குனியக் கூடாது. காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோனால், அது அங்கே இருக்கும்வரை பெட்டி ஷாக் கொடுக்கும் வேலையை நிறுத்திவிடும். பழைய ஸ்பீக்கரைக்கூட அணைத்துத் தூக்கக் கூடாது. செல்போனை இடது சட்டைப்பையில் வைக்கக் கூடாது, வலது காதில்தான் பேச வேண்டும். இப்போது கடையை மருமகன் பார்க்கிறார். நான் வாசல் மேஜையில் கணக்கு எழுதுகிறேன். உள்ளே காயில் சுற்றுகிற சத்தம் கேட்கும். சுற்று எண்ணிக்கையை மனம் தானாக எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள். மூலக்கொத்தளத்துக்கு என்னைக் கொண்டுபோகிற நாளில், எரிப்பதற்கு முன் இதைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி தீயில் வெடிக்கும். மகளிடம் சொன்னேன், அழுதுகொண்டே எழுந்துபோனாள். மருமகனிடம் சொன்னேன். தொழில்காரர், எந்த டாக்டர், எந்த நம்பர் என்று கேட்டு டைரியில் குறித்துக்கொண்டார்.

போன மாதச் செக்-அப்பில் என் பேட்டரி இன்னும் மூன்று ஆண்டு வரும் என்றார்கள். பாய்லரைப் பற்றவைத்ததும் பாய் முதலில் பச்சை விளக்கைப் பார்ப்பார், பிறகு கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற தாளில் அன்றைய தேதிக்கு ஒரு கோடு போடுவார். அந்தத் தாளின் மேலே பட்டை காலாவதியாகும் தேதி, 2026 அக்டோபர் என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. நேற்று டீ குடிக்கப் போனபோது பார்த்தேன், அதற்குக் கீழே புதிதாக இன்னொரு வரி. என் பெயர், பக்கத்தில் 2028. "அதையும் நான்தானே பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத டீயை என் பக்கம் நகர்த்தினார்.